தெளிவான படம், தப்பான ஆழம்

சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள், பொறியியல் படிக்கிற பெண், வந்து கேட்டாள்: "மாமா, நீங்க பூமிக்கு ஸ்கேன் எடுக்கிறவர்னு அப்பா சொன்னாங்க. படத்தை நல்லா ஃபோகஸ் பண்ணிட்டா எண்ணெய் இருக்கிற இடம் தெரிஞ்சிடும், இல்லையா?"

"இல்லேம்மா. சில சமயம் ஃபோகஸ் ரொம்ப நல்லா இருந்தாலே சந்தேகப்படணும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற மலர்க்குழு அன்பர் சிரிக்கவில்லை. "அதை அப்படியே எழுதிக் கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார். எழுதியிருக்கிறேன். சூத்திரங்களைக் கூடியவரை ஒதுக்கிவிட்டேன். ஒரே ஓர் இடத்தில் கொசைன் தலைகாட்டும். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

குஜராத்தில் குடியிருக்கும் நமக்கு எண்ணெய்க் கிணறு புதிய காட்சி அல்ல. 1958-இல் காம்பே அருகே லுனேஜிலும் 1960-இல் அங்கலேஷ்வரிலும் எண்ணெய் கிடைத்ததிலிருந்து இந்தப் பக்கத்து மண்ணுக்கும் எண்ணெய்க்கும் உறவு உண்டு. மேசானா போகும் வழியில் ஆமணக்கு வயல் நடுவே தலையை ஆட்டி ஆட்டி எண்ணெய் இறைக்கும் இயந்திரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாத பெற்றோர் நம்மில் குறைவு. ஆனால் கிணறு தோண்டுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வயலுக்கு வேறொரு கூட்டம் வந்து போயிருக்கும். கிலோமீட்டர் கணக்கில் கேபிள் இழுத்து, ஜியோஃபோன் என்ற சிறு கருவிகளை வரிசையாக மண்ணில் குத்தி, துளைக்குள் வெடி வைத்து, பூமிக்குள்ளிருந்து திரும்பி வரும் எதிரொலிகளைப் பதிவு செய்துகொண்டு போகும் கூட்டம் அது. அந்தப் பதிவுகளைப் படமாக்குவதுதான் நான் செய்துவந்த வேலை.

கிணற்றில் கல்லைப் போட்டு 'களக்' என்ற சத்தம் வரும் வரை எண்ணி, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று நம் தாத்தாக்கள் சொன்னார்கள் அல்லவா? அடிப்படை அதுதான். 1921-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கார்ச்சர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பாறை அடுக்குகளின் எதிரொலியை இப்படி முதன்முதலில் சோதித்தார்கள். நூறாண்டு கடந்துவிட்டது. சங்கடம் மட்டும் அப்படியே இருக்கிறது. எதிரொலி வர எத்தனை வினாடி ஆயிற்று என்பது துல்லியமாகத் தெரியும். அலை என்ன வேகத்தில் போய் வந்தது என்பது தெரியாது. மணலில் ஒரு வேகம், களிமண் பாறையில் ஒரு வேகம், சுண்ணாம்புப் பாறையில் வேறொரு வேகம். ஓர் எதிரொலி போய்வர 2 வினாடி ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் வினாடிக்கு 2400 மீட்டர் என்றால் அடுக்கு 2400 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வேகத்தை நாம் 3 சதவீதம் கூட்டி மதிப்பிட்டால் ஆழம் 2472 மீட்டர் ஆகிவிடும். தவறு 72 மீட்டர், ஏறக்குறைய ஒரு குதுப்மினார் உயரம்.

வேகம் தவறினால் ஆழம் மட்டுமல்ல, உருவமும் கெடும். 2000 மீட்டர் ஆழத்தில் ஒரே ஒரு பாறை முனை இருப்பதாகவும், அலையின் வேகம் வினாடிக்கு 2000 மீட்டர் என்றும் கொள்வோம். நேர் மேலே நின்று கேட்டால் எதிரொலி 2 வினாடியில் வரும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று கேட்டால் 2.24 வினாடி ஆகும். தள்ளிப் போகப் போகத் தாமதம் கூடும். இந்த நேரங்களை வரிசையாகத் தாளில் குறித்தால் ஒரு புள்ளி விரித்த குடை மாதிரித் தெரியும். பூமிக்குள் இருப்பது முனை, தாளில் இருப்பது குடை. குடையைச் சுருக்கி மீண்டும் முனையாக்கும் கணக்குக்கு எங்கள் தொழிலில் மைக்ரேஷன் என்று பெயர். ஊரை விட்டு வந்த நமக்குத் தெரியாத சொல்லா என்று கேட்காதீர்கள். இது எதிர்த்திசைப் பயணம்: தவறான இடத்தில் குடியேறிவிட்ட எதிரொலியை அதன் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்கிற வேலை.

அனுப்பிவைக்க வழி தெரிய வேண்டும். வழி என்பது வேகம். வேகத்தைக் குறைத்துக் கொடுத்தால் குடை பாதிதான் சுருங்கும். சோகமாகக் கவிழ்ந்த வாய் போல மிச்சம் நிற்கும். கூட்டிக் கொடுத்தால் தேவைக்கு மேல் சுருங்கி மறுபக்கம் மடங்கிப் புன்னகை போல வளையும். சரியான வேகத்தில் மட்டும் அது புள்ளியாகும். ஆகவே எந்த வேகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதோ அதுவே சரியான வேகம். ஃபோகஸைக் கொண்டு வேகம் கண்டுபிடிப்பது என்பது இவ்வளவுதான்.

வேகம் காண இதைவிடப் பழைய வழி ஒன்றும் உண்டு. வெடிக்கு அருகிலுள்ள ஜியோஃபோன்கள் கேட்டதை வைத்து ஒரு படம், தொலைவில் உள்ளவை கேட்டதை வைத்து இன்னொரு படம் போடுவோம். வேகம் சரியென்றால் இரண்டிலும் அடுக்கு ஒரே ஆழத்தில் வரும். நல்ல வழிதான். ஆனால் நாம் தேடும் அடுக்கு மிக ஆழத்தில் இருந்து, இழுத்த கேபிளின் நீளம் அதற்கு ஈடாக இல்லாவிட்டால், அருகில் கேட்டதற்கும் தொலைவில் கேட்டதற்கும் பெரிய வித்தியாசம் இராது. வேகத்தை 3 சதவீதம் மாற்றினாலும் இரண்டு படங்களும் ஒத்துப்போவது போலவே இருக்கும். அந்த மாதிரி இடங்களில்தான் ஃபோகஸ் கைகொடுக்கும் என்று நம்பி இறங்குகிறோம்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தேய்த்த கண்ணாடிக் கதவு வழியாக வாசல் கோலத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி எவ்வளவு மங்கல் என்று அறியப் புள்ளிகளைப் பார்ப்பீர்கள். புள்ளி பரந்து தெரிந்தால் மங்கல் அதிகம். ஆனால் அது சிக்குக் கோலமாக இருந்து, புள்ளியைச் சுற்றி ஓடும் வளைவு ஒன்று கண்ணில் பட்டால்? அது மங்கிப்போன புள்ளியா, மாமி நிஜமாகவே போட்ட வளைவா? கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது?

ஃபோகஸைக் கண்ணால் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொன்ன காலம் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். கணிப்பொறியிடம் கேட்பதானால் எண் வேண்டும். அதற்குப் படத்தைச் சாய்வு சாய்வாகப் பிரிக்கிறோம். கிடையாக உள்ளவை ஒரு படம், 10 டிகிரி சாய்ந்தவை ஒரு படம், 20 டிகிரி சாய்ந்தவை ஒரு படம், இப்படி. சரியாக ஃபோகஸ் ஆன முனையில் எல்லாச் சாய்வுக் கோடுகளும் ஒரே ஆணியில் மாட்டிய கம்பிகள் போல ஓர் இடத்தில் சந்திக்கும். ஃபோகஸ் கெட்டால் கம்பிகள் ஆணியை விட்டு விலகும். கம்பிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. செம்பிளன்ஸ் என்பார்கள். நைடல், டேனர் என்ற இருவர் 1971-இல் இதைப் பற்றி எழுதியதை இன்றும் படிக்கிறார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னால் 1, ஆளுக்கொரு பேச்சு என்றால் 0-க்கு அருகில்.

இப்போது ஒரு கிண்ணத்தை மேசை மேல் கவிழ்த்து வைத்து, உச்சியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஸ்கேல் ஒன்றைக் கிடையாக வைத்தால் புள்ளியைத் தொடும். அதையே சாய்த்து, கிண்ணத்தின் பக்கவாட்டைத் தொடும்படி வையுங்கள். ஸ்கேல் கிண்ணத்தைத் தொடுகிறது, உச்சிப் புள்ளியைத் தொடவில்லை. புள்ளிக்குச் சற்று மேலே போகிறது. எவ்வளவு மேலே? கிண்ணத்தின் வளைவு ஆரத்தை, 1-லிருந்து சாய்வுக் கோணத்தின் கொசைனைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கினால் வரும் தூரம் அது. பயமுறுத்தும் கணக்கு இத்துடன் முடிந்தது.

பூமிக்குள் இருக்கும் பாறை மேடும் கவிழ்த்த கிண்ணம்தான். உச்சியின் வளைவு ஆரம் 150 மீட்டர் என்று கொண்டால், 10 டிகிரிச் சாய்வுக் கம்பி ஆணியிலிருந்து 2 மீட்டர் சொச்சம் விலகும். 20 டிகிரிக் கம்பி 9 மீட்டர், 30 டிகிரிக் கம்பி 20 மீட்டர். இந்த 20 சாதாரணம் இல்லை. வினாடிக்கு 2400 மீட்டர் வேகத்தில் 30 முறை அதிரும் அலைக்கு நீளம் 80 மீட்டர். எதிரொலி போய்வருவதால் படத்தில் அதன் ஒரு சுற்று 40 மீட்டராகத் தெரியும். 20 மீட்டர் விலகினால் ஓர் அலையின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஆக, வேகம் முற்றிலும் சரியாக இருந்தும், மேடு மேடாக இருந்த ஒரே குற்றத்துக்காக மதிப்பெண் அடிபடுகிறது.

மதிப்பெண் குறைந்ததும் கணிப்பொறி என்ன செய்யும்? வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கும். மேடு சுருங்கும். இன்னும் கூட்டும், இன்னும் சுருங்கும். 2400 மீட்டர் ஆழத்தில் இருக்கும் 150 மீட்டர் ஆர மேட்டின் உச்சியைப் புள்ளியாக நசுக்குவதற்கு வேகத்தை ஏறக்குறைய 3 சதவீதம் கூட்டினால் போதும். அப்போது எல்லாக் கம்பிகளும் ஆணியில் வந்து உட்காரும், மதிப்பெண் உச்சத்துக்குப் போகும், படம் பளிச்சென்று இருக்கும். ஆழம் குதுப்மினார் அளவு தவறியிருக்கும். பள்ளமாக வளைந்த அடுக்கில் இதே தவறு தலைகீழாக நடக்கும். அங்கே வேகத்தைக் குறைத்தால்தான் படம் கூராகும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். வெகு நாள் முன்பு ஒரு படத்தில் வேகத்தை ஃபோகஸ் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவு அழகான படம் அதற்கு முன் என் கையிலிருந்து வந்ததில்லை. அறையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். 2470 மீட்டரில் அடுக்கு வரும் என்று எழுதிக் கொடுத்தோம். கிணறு தோண்டுகிறவர்களுக்கு அந்த எண் வெறும் தகவல் அல்ல. வாயு அழுத்தம் கூடிய அடுக்கை எட்டுவதற்கு முன்பே இரும்புக் குழாயை இறக்கிச் சிமென்ட் போட்டுவிட வேண்டும், துளைக்குள் சுற்றிவரும் சேற்றின் எடையைக் கூட்ட வேண்டும். எந்த ஆழத்தில் இதையெல்லாம் செய்வது என்பதை எங்கள் எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். ஒரு நாள் விடியற்காலை ரிக்கிலிருந்து தொலைபேசி. பேசியது திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். "சார், உங்க லேயர் எழுபது மீட்டர் முன்னாடியே வந்துடுச்சு. சேத்துல கேஸ் வருது. வால்வை மூடிட்டோம்." குரலில் கோபம் இல்லை, மூச்சு வாங்கியது. நல்லவேளையாக ராத்திரி ஷிப்டில் இருந்தவர்கள் விழிப்பாக இருந்தார்கள். இரண்டு நாளில் நிலைமை கட்டுக்குள் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

பிறகு அந்தக் கிணற்றுக்குள்ளேயே கருவி இறக்கி அலையின் வேகத்தை அளந்தார்கள். நான் கொடுத்ததைவிட 3 சதவீதம் குறைவு. அளந்த வேகத்தில் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். என் அழகான புள்ளி, சற்றே அகலமான ஒரு சிறு மேடாக உட்கார்ந்திருந்தது. பார்ப்பதற்கு முன்னதைவிட மங்கலாகத்தான் இருந்தது.

எல்லா மேடும் இப்படி ஏமாற்றுவதில்லை. ஆரம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உள்ள அகலமான மேட்டைப் புள்ளியாக்க வேண்டுமென்றால் வேகத்தை 40 சதவீதம் போலக் கூட்ட வேண்டும். அதை யாரும் நம்பமாட்டார்கள், அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். மாட்டிவிடுவது இந்தக் குட்டி வளைவுகள். நம்பக்கூடிய ஒரு தவறான வேகத்தை அவை நீட்டுகின்றன.

இதற்கு ஒழுங்கான பரிகாரம் ஒன்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோண்டோ பியோண்டி 2010-இல் வெளியிட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளேர்பவுட் 1973-இல் தொடங்கிய ஆராய்ச்சிக் குழு இத்துறையில் பேர்போனது; பியோண்டி அந்தக் குழுவின் வழிவந்தவர். பரிகாரம் எளிமையான நேர்மையோடு தொடங்குகிறது. 'இது புள்ளிதான்' என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ளாதே. வளைவு ஆரத்தையும் தெரியாத எண்ணாகவே வைத்துக்கொள். ஒவ்வொரு வேகத்துக்கும், ஒவ்வோர் ஆரத்தையும் எடுத்து, அந்த ஆரமுள்ள மேட்டில் கம்பிகள் ஆணியிலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டுமோ அவ்வளவையும் (நம் கிண்ணக் கணக்குதான்) முதலில் நகர்த்திச் சரிசெய். அதன் பிறகு மதிப்பெண் போடு. ஆரம் 0 என்றால் முனை. எதிர்மறை ஆரம் என்றால் பள்ளம். இருபது வேகம், இருபது ஆரம் என்று எடுத்தால் படத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் 400 மதிப்பெண்கள் கொண்ட ஓர் அட்டவணை கிடைக்கும்.

அட்டவணையில் அதிக மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டால் முடிந்ததா? இல்லை. சாய்வுகளை மட்டும் வைத்துப் போட்ட அட்டவணையில் அதிக மதிப்பெண் ஓரிடத்தில் நிற்பதில்லை, குறுக்கே ஒரு வரப்பு மாதிரி ஓடும். 'சரியான வேகம், 150 மீட்டர் மேடு' என்பதும் நல்ல மதிப்பெண் வாங்கும். '3 சதவீதம் கூடுதல் வேகம், வெறும் முனை' என்பதும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வாங்கும். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே இன்னும் நிற்கிறோம்.

இங்கேதான் முன்பு சொன்ன பழைய வழி திரும்பவும் உள்ளே வருகிறது. மேடு மேடாக இருப்பதால் அருகில் கேட்ட படமும் தொலைவில் கேட்ட படமும் வேறுபடுவதில்லை. வேகம் சரியாக இருந்தால் இரண்டும் அதே மேட்டை அதே ஆழத்தில் காட்டும். அவை வேறுபட்டால் குற்றம் வேகத்தின் மேல்தான், வளைவின் மேல் இல்லை. ஆகவே சாய்வுகளின் ஒற்றுமையையும் அருகு-தொலைவு ஒற்றுமையையும் தனித்தனியே பாராமல் ஒரே மதிப்பெண்ணாகச் சேர்த்துப் போடுகிறார் பியோண்டி. பழைய வழி தனியாக நின்றால் அகலமான, மழுங்கிய பதிலைத் தருகிறது. ஃபோகஸ் கூர்மையான பதிலைத் தருகிறது, ஆனால் அது வரப்பு நெடுக ஓடுகிறது. விலாசம் தேடும்போது ஒரு தெருப் பெயர் மட்டும் தெரிந்தால் அலைவோம், குறுக்குத் தெருவும் தெரிந்தால் முனை வீட்டில் போய் நிற்போம் அல்லவா? அப்படி இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வேகமும் கிடைக்கிறது, மேட்டின் வளைவும் சேர்ந்தே கிடைக்கிறது. வளைவு இங்கே உபரி வரும்படி. எண்ணெய் தங்குவது இந்த மாதிரி மேடுகளின் அடியில்தான் என்பதால், அதன் உருவத்தை நசுக்காமல் அறிவது கிணறு தோண்டுகிறவர்களுக்கு வேகத்தைப் போலவே வேண்டிய செய்தி.

கேபிள் மிகவும் குட்டையாக இருந்த பழைய பதிவுகளில் இந்தக் குறுக்குத் தெருவும் தெளிவாகத் தெரியாது. அப்போது நான் செய்வது, மேட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாறை அடுக்கு ஒடிந்து நிற்கும் இடம் எதுவும் உண்டா என்று தேடுவது. ஒடிந்த விளிம்பு நிஜமான முனை, அதன் ஆரம் 0 என்று நிலவியலே சொல்லிவிடுகிறது. அதை வைத்து வேகத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்குத் திரும்பி வரலாம். கோலத்தில் வளைவை விட்டுப் புள்ளியைத் தேடுவது போலத்தான். என் அந்தப் பழைய படத்திலும் மேட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் அப்படி ஒரு விளிம்பு இருந்தது. நான் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தாளில் வரைந்த கோட்டுப் படத்துக்கு. நிஜ பூமியில் மேட்டுக்கு இரண்டு திசை உண்டு. தேங்காய் மூடி எல்லாப் பக்கமும் வளைந்திருக்கும், ஓட்டு வீட்டு நாட்டோடு ஒரு பக்கம் மட்டும் வளைந்திருக்கும். அதனால் ஓர் ஆரம் போதாது. இரண்டு ஆரமும், எந்தத் திசையில் எது என்ற மூன்றாவது எண்ணும் வேண்டும். நமது 400 மதிப்பெண் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். அதைக் கணிப்பொறி எப்படிச் சமாளிக்கிறது என்பது தனிக்கதை. மலர்க்குழு இடம் கொடுத்தால் அடுத்த மலரில் எழுதுகிறேன். கேள்வி கேட்ட பெண்ணிடம் ஒரு கிண்ணமும் ஸ்கேலும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.